சிறை இலக்கியத்தில் இல்லாத கைதி

தமிழிற் சிறை இலக்கியம் என்று நாம் போற்றுவது பெரும்பாலும் அரசியற் கைதியின் இலக்கியமே. கோவைச் சிறையிற் செக்கிழுத்த வ. உ. சி. தொடங்கி, தூக்குத் தண்டனை பெற்று மீண்ட பொதுவுடைமையாளர் சி. ஏ. பாலனின் 'தூக்கு மர நிழலில்' வரை, சிறை என்றதும் நம் கண்முன் வருபவன் கொள்கைக்காக உள்ளே சென்றவன். அவ்வெழுத்தின் பெருமையைக் குறைப்பது நம் நோக்கமன்று. ஆனால், நம் நாட்டுச் சிறைகளை நிரப்பி நிற்பவன் அவனல்லன்.

2020 நவம்பர் 29இல் மகர சிறைச்சாலையிற் கலவரம் மூண்டு 11 கைதிகள் மாண்டனர். ஏறக்குறைய 10,000 பேருக்கு இடமுள்ள இலங்கைச் சிறைகளில் அப்பொழுது 26,000க்கு மேற்பட்டோர் அடைபட்டிருந்தனர். கொரோனாத் தொற்றுக்கு அஞ்சியவர்கள் அவர்கள். கால் நீட்ட இடமில்லாத கூடத்தில் 'விலகி நில்' என்றால் எங்கே விலகுவது?

நாட்டிற் குற்றம் பெருகிவிட்டது என்பது இதற்குச் சொல்லப்படும் எளிய விடை. சிறைச்சாலைத் திணைக்களத்தின் புள்ளிவிபரங்களோ வேறு கதை சொல்லி வந்திருக்கின்றன. ஓராண்டிற் சிறைபுகுவோரிற் பெரும்பான்மையோர் தீர்ப்புப் பெறாத விளக்கமறியற் கைதிகள். தண்டனை பெற்றுப் புகுவோரிலும் பெரும்பகுதியினர் தண்டப்பணம் கட்ட வழியற்றவர்கள். குற்றம் ஒன்று, நீதவான் ஒருவர். பணமுள்ளவன் கட்டிவிட்டு மாலையில் வீடு செல்கிறான், கூலிக்காரன் சிறை செல்கிறான்.

வன்னியில் இவன் யார்? கசிப்புக் காய்ச்சியவன், அனுமதியின்றி மணல் ஏற்றிய உழவு இயந்திரச் சாரதி, தகப்பன் விதைத்த வயல் போர்க்காலத்திற் காடாகிவிட, வனத் திணைக்களம் எல்லைக்கல் நாட்டிய பின் அதைத் துப்புரவாக்கப் போனவன். பிணையாளியைக் கொண்டுவா என்றால் எவரைக் கொண்டுவருவான்? காணி உறுதியையும் பெட்டியையும் இடப்பெயர்வில் தொலைத்த ஊர் அது. போதைப்பொருள் வழக்கென்றால் அரச இரசாயனப் பகுப்பாய்வாளரின் அறிக்கை வரும்வரை மாதக்கணக்கிற் காத்திருக்க வேண்டும். 2023 டிசம்பரில் 'யுக்திய' நடவடிக்கை தொடங்கியபோது இவ்வரிசையில் ஆயிரமாயிரம் பேர் வந்து சேர்ந்தனர்.

அரசியற் கைதியின் நிலையும் இதற்கு அந்நியமானதன்று. 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம் 'தற்காலிக ஏற்பாடு' என்ற பெயரோடு வந்து 1982இல் நிரந்தரமாயிற்று. குற்றச்சாட்டின்றி 18 மாதம்வரை தடுத்து வைக்க அது இடமளித்தது. 2022இன் திருத்தம் அதை 12 மாதமாக்கியது. இதையும் சிலர் சலுகை என்றனர்! உதவிப் பொலிஸ் அத்தியட்சர் முன் கொடுத்த வாக்குமூலத்தை அச்சட்டம் சான்றாக ஏற்றது. அது வற்புறுத்திப் பெறப்பட்டதென்று காட்டும் பாரத்தையும் கைதியின் தலையிலேயே ஏற்றியது. சாட்சிகளின் பாதுகாப்பைக் காரணங்காட்டி வழக்கொன்று வவுனியாவிலிருந்து அநுராதபுரத்துக்கு மாற்றப்பட்டபோது, 2017இல் கைதிகள் மூவர் உண்ணாவிரதம் இருந்தனர். அவர்கள் கேட்டது விடுதலைகூட அன்று. தம் மொழி வழங்கும் நீதிமன்றத்தில் விசாரணை.

தீர்ப்புக்கு முன்னே தண்டனை என்னும் இம்முறை, 2009இல் ஒரு மக்கட்கூட்டம் முழுவதன்மீதும் விழுந்தது. வவுனியா செட்டிகுளத்து மெனிக் பாம் முதலிய முகாம்களில் இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் முட்கம்பிக்குள் வைக்கப்பட்டனர். அவர்கள்மீது வழக்கு எதுவும் இல்லை. மெனிக் பாம் மூடப்பட்டது 2012 செப்டெம்பரில்.

கிளிநொச்சிப் பரந்தனைச் சேர்ந்த தமிழினியின் 'ஒரு கூர்வாளின் நிழலில்', அவர் மறைந்தபின் 2016இல் வெளியாயிற்று. அந்நூல் குறித்து எழுந்த வாதங்கள் அனேகமாக இயக்கத்தைப் பற்றியவை. வெலிக்கடைப் பெண்கள் சிறையைப் பற்றிய பக்கங்களை விமர்சகர்கள் விரைந்து கடந்துவிட்டனர். அரசியல் எதுவுமறியாத சாதாரணக் கைதிப் பெண்களும் அப்பக்கங்களில் வருகின்றனர். ஓர் அரசியற் கைதியின் கண்ணால் தற்செயலாக நமக்குக் கிடைத்த காட்சி அது. அப்பெண்களைப் பொருளாகக் கொண்டு, வவுனியா நீதிமன்ற வாசலில் ஒரு தவணை நாள் முழுவதும் நின்று பார்த்து எழுதப்பட்ட சிறுகதை ஒன்றையேனும் நாம் இன்னும் படிக்கவில்லை.