வெள்ளையடித்தால் ஓதம் போகுமா?

சென்னையில் வாடகை வீடு தேடுகிறவர்களில் பலர் ஏப்ரல், மே மாதங்களில்தான் தேடுகிறார்கள். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் குடி மாறியாக வேண்டும். அந்த வெயிலில் எந்தச் சுவரும் யோக்கியமாகத்தான் தெரியும். அட்வான்ஸ் கொடுத்து, பால் காய்ச்சி, பீரோவை மூலையில் நிறுத்திவிட்டு மறந்துவிடுகிறோம். வடகிழக்குப் பருவமழை தொடங்கி நாலைந்து நாள் விடாமல் பெய்த பிறகே சுவர் தன் சுயரூபத்தைக் காட்டும். பெயிண்ட் கொப்புளிக்கும், தரையை ஒட்டி உப்புப் பூக்கும், பீரோவை நகர்த்தினால் பின்னால் கறுப்பாகப் பூசணம். அதற்குள் பதினொரு மாத ஒப்பந்தத்தில் பாதி கழிந்திருக்கும்.

இந்தச் சுவருக்கு யார் பொறுப்பு? வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் ஆகியோரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தத் தமிழ்நாட்டில் 2017இல் இயற்றப்பட்ட சட்டம் இதற்கு விடை சொல்ல முயல்கிறது. 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை அகற்றிவிட்டு, 2019 பிப்ரவரி 22 முதல் இது நடப்பில் இருக்கிறது. இதைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் ஒப்பந்தப் பதிவு, வாடகை உயர்வு, காலி செய்ய வைத்தல் ஆகியவற்றோடு நின்றுவிட்டார்கள். பழுதுபார்ப்பைப் பற்றிய 15ஆம் பிரிவையும் இரண்டாம் அட்டவணையையும் அதிகம் பேர் தொடவில்லை. ஓதமேறிய ஒரு சுவரை எதிரே வைத்துக்கொண்டு அந்தப் பகுதியைப் படித்தால், சட்டம் எங்கே உதவுகிறது, எங்கே கைவிடுகிறது என்பது தெரிந்துவிடும்.

உதவும் இடத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அட்டவணை வேலைகளைப் பங்கு பிரித்திருக்கிறது. கட்டடத்தின் கட்டமைப்புப் பழுது, சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட், தேவைப்படும்போது தண்ணீர்க் குழாய்களை மாற்றுவது, வயரிங் ஆகியவை வீட்டுக்காரர் பொறுப்பு. குழாயின் வாஷர், சாக்கடை அடைப்பு, கழிப்பறை, வாஷ் பேசின், சுவிட்ச், தாழ்ப்பாள், ஜன்னல் கண்ணாடி ஆகியவை குடியிருப்பவர் பொறுப்பு. தன் பங்கு வேலையை வீட்டுக்காரர் செய்ய மறுத்தால், குடியிருப்பவரே செய்துவிட்டுச் செலவை வாடகையில் கழித்துக்கொள்ளலாம். ஒரு மாதத்தில் கழிக்கும் தொகை அந்த மாத வாடகையில் பாதியைத் தாண்டக் கூடாது, அவ்வளவுதான். பழுது பார்க்காமல் குடியிருக்கவே முடியாத நிலை என்றால், முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு வெளியேறவும் வழி இருக்கிறது. "ரிப்பேர் எல்லாம் உங்க பொறுப்பு சார்" என்று புரோக்கர் சொன்னதையே சட்டமாக நம்பிவந்தவர்களுக்கு இது சின்ன விஷயமல்ல.

இந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு நம் ஊர் வழக்கத்தைப் பார்த்தால் ஒரு வேடிக்கை கண்ணில் படும். வீட்டைக் காலி செய்யும்போது "பெயிண்டிங் செலவு" என்று ஒரு மாத வாடகையை அட்வான்ஸிலிருந்து பிடித்துக்கொள்வது சென்னையில் எழுதாத விதி. வெள்ளையடிப்பதோ வீட்டுக்காரர் பக்கத்தில் எழுதப்பட்டிருக்கிறது. இத்தனை ஆண்டுகளாகியும் இந்தப் பிடித்தம் நின்றதாகத் தெரியவில்லை. தெளிவாக எழுதியிருப்பதற்கே இந்தக் கதி என்றால், எழுதாமல் விட்டதைப் பற்றிக் கேட்க வேண்டியதில்லை.

ஓதம் எழுதாமல் விட்டது. அட்டவணையில் அது எங்கும் இல்லை. அதைக் கட்டமைப்புப் பழுதில் சேர்ப்பதா, வெள்ளையடிப்பதில் சேர்ப்பதா, குழாய் வேலையில் சேர்ப்பதா என்பது வாதத்துக்கு உரியது. வாதம் நடக்கும்போது வீட்டுக்காரர் இவற்றில் மலிவானதைத்தான் தேர்ந்தெடுப்பார். கொத்தனார் வருவார், பொரிந்த காரையைச் சுரண்டுவார், பட்டி பார்ப்பார், பெயிண்ட் அடிப்பார். சட்டத்தின் சொல்லுக்குக் குறைவில்லை. அடுத்த மழையில் அதே இடத்தில் அதே கொப்புளம்.

சுவரில் ஈரம் தெரியும் இடமும் அது வந்த இடமும் ஒன்றாக இருப்பதில்லை என்பதுதான் இதில் மையமான சிக்கல். நிலத்து நீர் செங்கலின் நுண்துளைகள் வழியே மேலே ஏறலாம். அடித்தளத்துக்கு மேல் ஈரத் தடுப்புப் படலம் போடாத, அல்லது போட்டது கெட்டுப்போன வீடுகளில் தரையிலிருந்து ஏறக்குறைய இடுப்பளவு உயரம் வரை பட்டையாக ஈரம் தெரிவது இதனால்தான். நீர் ஆவியாகும், உப்பு மட்டும் சுவரில் தங்கிக் காரையைத் தள்ளும். மொட்டை மாடியில் தட்டோடுகளின் இணைப்பு விட்டுப்போனால், கைப்பிடிச் சுவரில் விரிசல் விழுந்தால், மழைநீர்க் குழாய் அடைத்துக்கொண்டால் ஈரம் மேலிருந்து இறங்கும். பாத்ரூம் தளத்திலோ சுவருக்குள் பதித்த குழாயிலோ கசிவு இருந்தால் அடுத்த அறைச் சுவர் நனையும். அதற்கு மழைக்காலமும் தேவையில்லை. கடைசியாக, காற்றோட்டமில்லாத அறையில் துணி காயப்போட்டு, கதவைச் சாத்தி, ஏசியும் ஓடினால் அறைக் காற்றின் ஈரமே குளிர்ந்த சுவரில் படியும்.

இந்த நான்குக்கும் மருந்து வேறு, செலவு வேறு. சட்டத்தின்படி பணம் கொடுக்க வேண்டியவரும் வேறு. பாத்ரூம் சுவர் நனைகிறது என்று வைத்துக்கொள்வோம். குழாயின் வாஷர் தேய்ந்து ஒழுகினால் குடியிருப்பவர் செலவு. சுவருக்குள் குழாய் வெடித்திருந்தால் வீட்டுக்காரர் செலவு. சுவருக்குள் என்ன நடக்கிறது என்று இருவருக்குமே தெரியாது. ஆகவே வீட்டுக்காரர் "நீங்க புழங்கற விதம் சரியில்லை" என்பார். குடியிருப்பவர் "உங்க கட்டடமே சரியில்லை" என்பார். தீர்க்க முடியாத சண்டையல்ல இது. ஒரு பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஓரிரு நாள் விட்டுப் பார்த்தால், ஈரம் தாளுக்கு உள்பக்கம் சேர்கிறதா வெளிப்பக்கம் சேர்கிறதா என்பதைக் கொண்டு அது சுவரிலிருந்து வருகிறதா, அறைக் காற்றிலிருந்து வருகிறதா என்று ஓரளவு சொல்லிவிடலாம். பாத்ரூம் தளத்தில் சாயம் கலந்த நீரைத் தேக்கிவைத்தால் கசிவின் வழி தெரியும். இப்படிப்பட்ட ஒரு சோதனையைக்கூட யாரும் செய்தாக வேண்டும் என்று 15ஆம் பிரிவு சொல்லவில்லை. யார் செலவு செய்வது என்று கேட்கும் சட்டம், எதனால் வந்தது என்று கேட்க மறந்துவிட்டது.

"கம்பி தெரியலையே, அப்புறம் என்ன கட்டமைப்புப் பழுது?" என்ற வாதத்தையும் பார்த்துவிடலாம். கான்கிரீட்டுக்குள் ஈரமும் உப்பும் புகுந்தால் கம்பி துருப்பிடிக்கும். துரு இடம் கேட்கும். கான்கிரீட் வெடித்துப் பெயரும். கம்பி வெளியே தெரிவது இதன் கடைசிக் கட்டம். கடலோர ஊரில் கூரை ஓதத்தை வெறும் பெயிண்ட் பிரச்சினையாக வகைப்படுத்துவது கட்டடத்துக்கே கேடு, அதாவது வீட்டுக்காரருக்கே நஷ்டம்.

இன்னொரு ஓட்டை அளவுகோலில் இருக்கிறது. குடியேறிய நாளில் வீடு எந்த நிலையில் இருந்ததோ அந்த நிலையில், சாதாரணத் தேய்மானம் போக, அதைப் பராமரிக்க வேண்டும் என்கிறது சட்டம். மே மாதத்து நிலைதான் அளவுகோல் என்றால், அன்றைக்குச் சுவர் காய்ந்திருந்தது என்பது இரு தரப்புக்கும் பயன்படும் வாதம். குடியிருப்பவர், "நல்ல சுவரைத்தானே காட்டினீர்கள், இப்போது பாருங்கள்" என்பார். வீட்டுக்காரர், "நல்ல சுவரைத்தான் கொடுத்தேன், நீங்கள்தான் கெடுத்தீர்கள்" என்பார். மழைக்காலத்திலும் ஒரு முறை பார்த்த வீட்டைப் பற்றித்தான் இந்த அளவுகோல் நியாயமாகப் பேச முடியும்.

செலவைக் கழித்துக்கொள்ளும் உரிமையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். மாத வாடகை 16,000 ரூபாய். மாடித் தளத்தைச் சரிசெய்ய 90,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 8,000 வீதம் கழித்தால் முழுதும் கழிய 11 மாதத்துக்கு மேலாகும். ஒப்பந்தமே 11 மாதம். கையிலிருந்து பெருந்தொகையைப் போட்டுவிட்டு, கழிந்து முடியும்வரை அந்த வீட்டைவிட்டுப் போக முடியாமல் இருக்கும் மனிதரிடம் இருப்பதை உரிமை என்பதா, கடன் என்பதா? அட்வான்ஸும் எதிர்த்தரப்பில் இருக்கிறது. மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்ற விதியே "வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில்" என்ற நிபந்தனையோடுதான் வருகிறது. பதிவு செய்யாத ஒப்பந்தத்தோடு வாடகை அதிகாரியிடம் போகிறவரின் கை இன்னும் தாழ்ந்தது. குழாய் மாற்றுவது போன்ற சில ஆயிரம் ரூபாய் வேலைகளுக்கு மட்டும் இந்தக் கழிவு உண்மையாகவே பயன்படும்.

வீட்டுக்காரர் பக்கமும் நியாயம் உண்டு. திருவல்லிக்கேணியில் பாட்டன் காலத்து வீட்டின் ஒரு போர்ஷனை வாடகைக்கு விட்டு அந்த வருமானத்தில் வாழும் முதியவருக்கு, மாடித் தளத்தை முழுக்கப் பெயர்த்துப் போடுவது பல மாத வருமானம். பழைய சுண்ணாம்புச் சுவருக்குமேல் சிமெண்ட் பூசி ஈரத்தை உள்ளேயே அடைத்துவிட்ட மேஸ்திரியின் தவறுக்கும் அவரே பொறுப்பாகிறார். அடுக்குமாடி வீட்டின் உரிமையாளர் நிலை இன்னும் மோசம். கசிவு மேல்வீட்டு பாத்ரூமிலிருந்து வருகிறது. அதை உடைக்க அவருக்கு அதிகாரமில்லை. மொட்டை மாடி சங்கத்தின் பொறுப்பு. ஓதத்தில் பெரும்பாலும் மூன்றாவது ஆள் ஒருவர் உண்டு. பழுதுபார்ப்பு என்பது இரண்டே பேருக்கு நடுவில் நடப்பது என்று வைத்துத்தான் சட்டம் எழுதப்பட்டிருக்கிறது.

வேறு நாட்டில் இதை எப்படிக் கையாண்டார்கள்? இங்கிலாந்தின் ராச்டேலில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை 2020 டிசம்பரில் இறந்தான். வீட்டில் பூசணம் பிடிப்பதாகக் குடும்பம் 2017 முதலே முறையிட்டிருந்தது. மேலே பெயிண்ட் அடித்துக்கொள்ளுங்கள் என்ற பதிலும், அவர்களுடைய வாழ்க்கை முறையே காரணம் என்ற பழியும்தான் கிடைத்தன. நீண்ட காலம் பூசணத்தைச் சுவாசித்ததால் வந்த மூச்சு மண்டலக் கோளாறே மரணத்துக்குக் காரணம் என்று மரண விசாரணை அதிகாரி 2022 நவம்பரில் அறிவித்தார். அந்தக் குழந்தையின் பெயரிலேயே அழைக்கப்படும் சட்டம் அங்கே சமூக வாடகை வீடுகளுக்கு 2025 அக்டோபர் 27இல் நடைமுறைக்கு வந்தது. அவசர ஆபத்துக்கு 24 மணி நேரம். பெரிய ஓதம், பூசணம் என்றால் 10 வேலை நாளில் விசாரணை. ஆபத்து உறுதியானால் அடுத்த 5 வேலை நாளில் வீட்டைப் பாதுகாப்பாக்க வேண்டும். ஓதமுள்ள வீடு ஆஸ்துமாவையும் மூச்சுத் தொற்றையும் கூட்டுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2009லேயே வழிகாட்டுதல் வெளியிட்டிருந்தும், அதைச் சட்டமாக்க ஒரு சாவு தேவைப்பட்டது.

அந்த நாள் கணக்கை அப்படியே இங்கே கொண்டுவரச் சொல்ல மாட்டேன். நவம்பர் அடைமழையில் மாடி வேலை செய்யவே முடியாது. ஐந்து நாள் கெடு என்றால் பட்டியும் பெயிண்டும்தான் இன்னும் வேகமாக வரும்.

என் தீர்ப்பு இதுதான்: 2017 சட்டம் ஒழுகும் குழாய்க்குப் போதும், ஓதத்துக்குப் போதாது. திருத்துவதற்கு ஒரே ஒரு வாய்ப்பு இருந்தால் நான் கெடுவைக் கேட்க மாட்டேன், விசாரணையைக் கேட்பேன். புகார் வந்ததும் வாடகை அதிகாரி ஒரு பொறியாளரை அனுப்பி ஈரத்தின் மூலத்தை எழுத்தில் பதிய வைக்க வேண்டும். மூலம் யார் பக்கமோ, மேல்வீட்டுக்காரர் உட்பட, அவர்களிடமே சோதனைக் கட்டணத்தையும் வசூலிக்கலாம். பூசுவதும் வெள்ளையடிப்பதும் அந்த அறிக்கைக்குப் பிறகே பழுதுபார்ப்பாகக் கணக்கில் வர வேண்டும்.