கோதோ யார் என்பது முக்கியமா?

சாமுவேல் பெக்கெட்டின் 'கோதோவுக்காகக் காத்திருத்தல்' 1957 நவம்பர் 19 அன்று கலிஃபோர்னியாவின் சான் குவென்டின் சிறையில் ஏறத்தாழ 1,400 கைதிகள் முன் அரங்கேறியது. அதைத் தேர்ந்தெடுக்க முக்கியக் காரணம், அதில் பெண் பாத்திரம் இல்லை என்பதுதான். படித்த கூட்டமே தலையைச் சொறிந்த நாடகத்தைக் கைதிகள் கட்டுண்டு பார்த்தார்கள். கோதோ என்றால் சமூகம் என்றார் ஒருவர். வெளியுலகம் என்றார் இன்னொருவர். அபத்த நாடகம் குறித்து மார்ட்டின் எஸ்லின் 1961இல் வெளியிட்ட நூல் இந்தச் சம்பவத்தோடுதான் தொடங்குகிறது. அன்றுமுதல் இந்நாடகத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும், இதோ நானும், அந்தச் சிறைக்குள் ஒருமுறை போய்வருகிறோம்.

இதிலிருந்து 'துன்பப்பட்டவனுக்கே அபத்த நாடகம் புரியும்' என்றொரு முடிவைப் பலர் எடுத்துவிட்டார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 1953 ஜனவரியில் பாரிஸின் சின்னஞ்சிறு பாபிலோன் அரங்கில் இதைக் கொண்டாடியவர்கள் கைதிகள் அல்லர். 1956இல் மயாமியில் பாதியில் எழுந்து போனவர்களும் மண்டுகள் அல்லர். விழுந்து விழுந்து சிரிக்கலாம் என்று விளம்பரம் அவர்களை அழைத்து வந்திருந்தது.

விமர்சகர்களில் ஒரு சாரார் கோதோவைக் கடவுளாக்கினார்கள். வாலந்தான் தெம்கின் போன்றோர் வரலாற்றைத் தேடினார்கள்: நாஜிகளுக்குத் தப்பி எல்லை கடத்தும் ஆளுக்காகக் காத்திருக்கும் யூதர்களே நாடகத்தில் கோதோவை எதிர்பார்த்திருக்கும் விளாதிமிரும் எஸ்த்ரகோனும் என்றார்கள். வலுவான வாசிப்பு இது. கைப்பிரதியில் எஸ்த்ரகோனின் பெயர் முதலில் லெவி என்றே இருந்தது. பெக்கெட்டும் போர்க்காலத்தில் ரூசியோன் கிராமத்தில் தலைமறைவாக வாழ்ந்தவர். ஆனால் லெவியை அடித்து எஸ்த்ரகோன் என்று எழுதியவரும் அவர்தானே. கோதோ யாரென்று தனக்குத் தெரிந்திருந்தால் நாடகத்திலேயே சொல்லியிருப்பேன் என்று இயக்குநர் ஆலன் ஷ்னைடரிடம் கையை விரித்தார்.

1993 ஆகஸ்டில், முற்றுகைக்குள் கிடந்த சரயேவோவில் எழுத்தாளர் சூசன் சொண்டாக் இதை இயக்கினார். மின்சாரம் இல்லை, மேடையில் மெழுகுவத்திகள். அரைவயிற்று நடிகர்கள் ஒத்திகையில் வாய்ப்புக் கிடைத்தபோதெல்லாம் படுத்துக்கொண்டார்கள். விளாதிமிர்–எஸ்த்ரகோன் ஜோடி ஒன்றல்ல, மூன்று. கோதோ இன்று வரமாட்டார், நாளை கட்டாயம் வருவார் என்று தூது வந்ததும் அரங்கில் சத்தமே இல்லை. வெளியே ஐ.நா. கவச வண்டியின் உறுமலும் துப்பாக்கி வெடியும் மட்டும் கேட்டதாக சொண்டாக் எழுதுகிறார். அமெரிக்கா தலையிடும் என்று அந்த நகரமே எதிர்பார்த்திருந்த நாள்கள் அவை. அவநம்பிக்கை மேலும் கூடிவிடும் என்று அவர் முதல் அங்கத்தை மட்டுமே நடத்தினார். அந்தக் கரிசனம் புரிகிறது. என்றாலும் மொட்டை மரம் நாலைந்து இலை விடுவது இரண்டாம் அங்கத்தில்தான். அதைச் சரயேவோ பார்த்திருக்கலாம்.

2007இல் நியூ ஆர்லியன்ஸில், கத்ரினா புயல் துடைத்துப்போன லோயர் நைன்த் வார்டின் தெருச்சந்தியிலேயே இது இலவசமாக நடந்தது. விளாதிமிராக நடித்த வெண்டல் பியர்ஸ் அந்த ஊர்க்காரர்.

கைதிக்கும் சரயேவோக்காரருக்கும் அவரவர் அர்த்தம் கிடைத்தது நாடகம் மூட்டமாக இருப்பதால் அல்ல. அதிலிருப்பவை கழற்ற முடியாத பூட்ஸ், பாதி தின்ற காரட், அடிமை லக்கியின் கழுத்துக் கயிறு என்று கையில் பிடிக்கக்கூடிய பொருள்கள். முதல் வாசிப்பில் உரைநூல்களைத் தள்ளிவையுங்கள். கோதோவை விட்டுவிட்டு, எஸ்த்ரகோன் பூட்ஸோடு மல்லுக்கட்டும் இடத்தில் நீங்கள் சிரித்தீர்களா, எரிச்சலடைந்தீர்களா என்று மட்டும் பாருங்கள்.