தையல்சிட்டை ரசிப்பது எப்படி?

காலை ஷிஃப்டுக்கு ஆள் கிளம்பிப் போனதும் குவார்ட்டர்ஸ் வீட்டில் ஓர் அமைதி இறங்கும். அந்த நேரத்தில் கொல்லைப்புறப் படியில் பத்து நிமிடம் உட்காருங்கள். நெய்வேலியில் எந்த வட்டத்து வீடானாலும் சரி. 1956-இல் நிலக்கரி நிறுவனம் வந்தபின் இங்கே குடியேறியவர்கள் வளர்த்த மாவும் வாதாமரமும் செம்பருத்தியும் நிற்கிற தோட்டம், தையல்சிட்டுக்குப் பிடித்த இடம்.

முதலில் காது

‘டுவிட், டுவிட், டுவிட்’ என்று சீராக, அடுத்த வீட்டுக்கும் கேட்கும்படி ஒரு குரல் வரும். பெரிய பறவை என்று நினைத்து மரத்தின் உச்சியைத் தேடாதீர்கள். வாலோடு சேர்த்தே 13 செ.மீ. தான், எடை ஓர் ஐந்து ரூபாய் நாணயத்தை ஒட்டி இருக்கும். இடுப்புயரச் செடிகளில், இலைகளின் அடியில் புழு பூச்சி தேடிக்கொண்டிருக்கும். குரல் வந்த செடியிலேயே கண்ணை வைத்திருங்கள்.

பிறகு கண்

முதுகு இலைப்பச்சை, வயிறு வெளுப்பு, தலையின் முன்பக்கம் செம்பழுப்பு, நிமிர்ந்த வால். அது கத்தும்போது கழுத்தைக் கவனியுங்கள். இருபுறமும் கறுப்பாக ஒரு தீற்றல் தெரியும். வாயை மூடினால் மறைந்துவிடும். இறகுகளுக்கு அடியிலுள்ள கருந்தோல் அது. வாலின் நடுவில் இரண்டு இறகுகள் மட்டும் ஊசிபோல் நீண்டிருந்தால், அது கூடுகட்டும் காலத்து ஆண்.

தையலைப் படிப்பது

இதன் அறிவியல் பெயரிலுள்ள ‘சூட்டோரியஸ்’ என்ற லத்தீன் சொல் செருப்புத் தைப்பவரைக் குறிக்கும். பொருத்தமான பெயர். தோல் தைப்பவர் குத்தூசியால் முதலில் துளை போட்டு, அதன்பிறகே நூலை இழுப்பார். பெண்சிட்டும் அப்படித்தான். இலை ஓரத்தை அலகால் குத்தி, பஞ்சையோ சிலந்தி இழையையோ துளைவழியே இழுக்கிறது. முடிச்சுப் போடுவதில்லை. வெளியே வந்த நுனி பிரிந்து உப்பி, ஆணிக்கொண்டை போல நின்றுகொள்கிறது. துளைகள் மிக நுண்ணியவை என்பதால் இலை கருகாது. பச்சை இலையாகவே இருக்கிற அந்தப் பைக்குள் பஞ்சு மெத்தையிட்டு முட்டையிடும்.

மலையேறுபவர்களுக்கு இன்னொரு சுவை காத்திருக்கிறது. இலங்கையின் மலைநாட்டில் இதற்குத் தனித் துணையினமே உண்டு. வடகிழக்கு இந்தியா தொடங்கித் தென்கிழக்கு ஆசியா வரையுள்ள மலைக்காடுகளில் ‘மலைத் தையல்சிட்டு’ என்றொரு பறவை வாழ்கிறது. தலையில் அதே செம்பழுப்பு. ஆனால் மரபணு ஆய்வு அதை வேறு குடும்பத்தில் சேர்த்துவிட்டது. வீட்டுத் தோட்டத்துச் சிட்டை நன்றாகப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, அந்த ஒற்றுமையும் வேற்றுமையும் சட்டென்று பிடிபடும்.

எட்ட நிற்பது

நம் நாட்டில் மார்ச் முதல் டிசம்பர் வரை கூடு கட்டும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மும்முரம். பெரும்பாலும் மூன்று முட்டைகள். ஏறத்தாழ 12 நாள் அடைகாப்பு, அதன்பின் 14 நாளில் குஞ்சுகள் பறந்துவிடும். இந்த நான்கு வாரமும் அந்தச் செடியை உங்கள் வீட்டுக்கு வந்த விருந்தாளியின் அறையாக நினையுங்கள். படமெடுப்பதற்காக இலையை ஒதுக்காதீர்கள். நாம் திறந்துவிட்ட வழியில் காகமும் ஓணானும் வரும். வேலிச்செடியை வெட்ட ஆள் வந்தால், வெட்டுவதற்கு முன் ஒருமுறை இலைகளின் மறைவில் பார்க்கச் சொல்லுங்கள்.

குஞ்சுகள் போனபின்னும் அவசரம் வேண்டாம். தைத்த இலை தானாகப் பழுத்து ஒருநாள் கீழே விழும். அதை எடுத்து வெயிலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஓரத்தில் வரிசையாகப் புள்ளி புள்ளியாக வெளிச்சம் வரும். ஒவ்வொரு புள்ளியும் ஒரு தாய் குத்திய துளை. வாசல் பெருக்கும்போது இப்படி எத்தனை இலைகளைக் குப்பையோடு அள்ளிப் போட்டிருப்போம் என்று தோன்றும். அடுத்த நாளிலிருந்து நீங்கள் பார்த்துத்தான் பெருக்குவீர்கள்.