அரியது எது, யாருக்கு?

'அருமண்' என்ற சொல்லிலேயே ஒரு பொய் இருக்கிறது. இந்தப் பதினேழு தனிமங்களில் ஒன்றான சீரியம், பூமியின் மேலோட்டில் ஏறக்குறைய செம்பு அளவுக்கே கிடக்கிறது. காந்தத்துக்கான நியோடிமியமும் அப்படியொன்றும் அபூர்வமில்லை. செறிவாக ஓரிடத்தில் கிடைப்பதுதான் குறைவு. அதைவிடக் குறைவு, பிரித்தெடுக்கும்போது மிஞ்சும் அமிலக் கழிவையும் கதிரியக்கத்தையும் வாய் திறக்காமல் ஏற்றுக்கொள்ளும் ஊர். அரிது மண் அல்ல, வாய் திறக்காத சனம் என்றே எனக்குப் படுகிறது.

சீனாவின் மேலாண்மையை விலை, தொழில்நுட்பம் என்று நம்ம பத்திரிகைகள் விளக்குகின்றன. பாவ்தோவ் நகரருகே தேங்கிய கழிவு ஏரியும் அந்த விலைக்குள் அடக்கம் என்பது பேசப்படுவதில்லை. 2025 ஏப்ரலில் சீனா ஏழு தனிமங்களுக்கும் அவை கலந்த காந்தங்களுக்கும் ஏற்றுமதிக் கட்டுப்பாடு விதித்தது. உடனே இங்கே 'தன்னிறைவு' புறப்பட்டது. நவம்பரில் காந்த உற்பத்திக்கு 7,280 கோடி ரூபாய்த் திட்டம்.

சரி, யாருடைய கடற்கரையிலிருந்து? மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட் இருப்பது 1909இலேயே தெரியும். அன்று காஸ் விளக்கு மேண்டிலுக்குத் தோரியம் வேண்டியிருந்தது. பிறகு அணுசக்திக்கு. இன்று மோட்டாருக்கு நியோடிமியம். தேவை மாறுகிறது, தோண்டும் இடம் மாறவில்லை. இதில் ஒரு வேடிக்கை: சீனா தடுத்தவற்றில் காந்தம் வெப்பம் தாங்கச் சேர்க்கும் டிஸ்புரோசியம், டெர்பியம் இரண்டும் உண்டு. நம் மோனசைட்டில் அவை மிகச் சொற்பம். ஆக, கரையைத் தோண்டினாலும் அந்தக் குறை தீராது.

கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேரில் மணலெடுக்கும் திட்டத்துக்கு 2024 அக்டோபரில் நடக்கவிருந்த கருத்துக்கேட்பு, மக்கள் எதிர்ப்பால் தள்ளிப்போனது. 2025 செப்டம்பரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம், அணுக்கனிமச் சுரங்கங்களுக்குக் கருத்துக்கேட்பே தேவையில்லை என்று விலக்கு அளித்துவிட்டது. வாய் திறக்காத சனம் தானாகக் கிடைப்பதில்லை, ஆணை போட்டு உருவாக்கப்படுகிறது.

அதிகாரத்தை மட்டும் சாடிவிட்டு ஒதுங்கவும் முடியவில்லை. நிலக்கரிக்கு எதிராகக் காற்றாலையையும் மின்வண்டியையும் முன்வைத்து எழுதியவன் நான். கியர் இல்லாத காற்றாலையிலும் பெரும்பாலான மின்கார் மோட்டார்களிலும் இருப்பது இதே காந்தம்தான். 'பசுமை' என்ற நம்முடைய சொல்லும் அந்த மணலை மறைத்தே நின்றிருக்கிறது. மின்வண்டியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பழைய காந்தங்களை மீட்டெடுப்பது பற்றி, தனிக்காருக்குப் பதில் பேருந்து பற்றிப் பேசாமல், தோண்டுவதை மட்டும் பேசும் பசுமை யாருடையது? இனயம்புத்தன்துறைக்காரர் ஒருவர் "எங்களை ஏன் கேக்கல?" என்றால், அமைச்சகம் மட்டுமல்ல, நாமும் பதில் சொல்லியாக வேண்டும்.