திரைக்கு வந்த புலி

ஆடு புலி ஆட்டத்துக்கு ஒரு கரித்துண்டும், புலிக்கு 3 கூழாங்கல்லும், ஆட்டுக்கு 15 புளியங்கொட்டையும் போதும். உச்சியில் 1 புள்ளி, குறுக்கே ஓடும் மூன்று கோடுகளில் ஆறாறாக 18, அடியில் 4, ஆக 23. கல்வராயன் மலையூர்த் திண்ணையில் வரைந்தாலும் கள்ளக்குறிச்சி மொட்டைமாடியில் வரைந்தாலும் களம் தயார்.

கைப்பேசிக்கு வந்திருக்கும் புது வடிவத்தில் முதலில் மனம் ஒட்டாது. புலியைத் தொட்டதுமே அது போகக்கூடிய இடங்கள் ஒளிர்கின்றன. எந்த ஆட்டைத் தாண்டலாம் என்று கோடு கோடாகக் கண்ணை ஓட்டித் தேடும் சுகம் போய்விடுகிறது. எதிராளியின் முகத்தைப் படிக்கவும் வழியில்லை.

ஆனால் விடாமல் ஆடினால் வேறொரு ருசி பிடிபடும். இயந்திரப் புலிக்குக் கவனம் சிதறாது. முதுகுக்குப் பின்னால் காலிப் புள்ளி விட்டு நிற்கும் ஆட்டை உடனே தாண்டி வெட்டிவிடும். தோற்கத் தோற்கத்தான் ஆட்டுப் பக்கத்தின் சூட்சுமம் விளங்குகிறது: 15 ஆடும் களமிறங்கும்வரை ஒன்றுகூட நகர முடியாது. அதனால் ஓரத்தில் தொடங்கி, ஒன்றுக்கு ஒன்று முட்டுக் கொடுத்து அடுக்க வேண்டும். தனித்த ஆடு இரை. சேர்ந்த ஆடுகள் வேலி. புலியை அசையவிடாமல் அடைத்தால் வெற்றி.

கள்ளக்குறிச்சி மரச்சிற்பம் 2021-இல் புவிசார் குறியீடு பெற்றது. தெய்வ உருவங்கள் செதுக்கும் அந்த உளிகள் இந்த 23 புள்ளிப் பலகையையும் செதுக்கட்டும். திரையில் விளையாட்டைக் கற்ற பிள்ளைகளை எதிரெதிரே உட்கார வைக்க அதைவிட நல்ல வழியில்லை.