இரக்கமற்ற இயற்கையா? திரிந்த திணையா?
தோட்டப்புறப் புனைகதை வாசிப்பு குறித்து ஒரு நோக்கு

முன்னுரை

இயற்கை மனிதனுக்குப் பகையும் அன்று, நட்பும் அன்று. அவன் வாழ்வதும் மடிவதும் அதற்கு ஒரு பொருட்டே இல்லை என்னும் கருத்து, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மேலைச் சிறுகதையில் வலுப்பெற்றது. இயற்பண்புவாதம் எனப்படும் இப்போக்குக்கு அமெரிக்க எழுத்தாளர்களான ஸ்டீபன் கிரேன், ஜாக் லண்டன் ஆகியோரின் கதைகள் சான்றாகக் காட்டப்படும். மலேசியத் தோட்டப்புறக் கதைகளை ஆராய்வோரும் இக்கருத்தைத் துணைக்கொள்வதுண்டு. காடு, காய்ச்சல், பாம்பு, அடைமழை ஆகியவற்றை ‘இயற்கையின் கொடுமை’ என்னும் ஒரே தலைப்பின்கீழ்த் தொகுத்து, அவற்றைத் தாங்கி நின்ற தொழிலாளியின் மனஉறுதியைப் போற்றுவதோடு அத்தகைய ஆய்வு நிறைவுபெறுகின்றது.

இவ்வாசிப்பு எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதை நெகிரி செம்பிலான் தோட்டங்களின் அனுபவத்தை முன்வைத்து ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். தோட்டத்தில் மனிதனை வருத்திய இயற்கை பெரும்பாலும் மனிதரால் மாற்றப்பட்ட இயற்கையே. எனவே அதனை அளக்க மேலை இயற்பண்புவாதத்தைக் காட்டிலும், தமிழ் மரபு கண்ட பாலைத் திணைக் கொள்கையே பொருத்தமான அளவுகோல் என்பது இங்கு நிறுவப்பெறும்.

படகும் பனியும்

1897ஆம் ஆண்டு சனவரியில் புளோரிடா கடற்பகுதியில் ‘கொமொடோர்’ என்னும் கப்பல் மூழ்கியது. அதிலிருந்து சிறுபடகில் தப்பியவருள் கிரேனும் ஒருவர். அவ்வனுபவமே ‘திறந்த படகு’ என்னும் கதையாயிற்று. நால்வர் அலைகளோடு போராடுகின்றனர். இறுதியில் அவர்களுள் வலிமை மிக்க எண்ணெய்த் தொழிலாளி பில்லி இறக்கிறான்; ஏனையோர் பிழைக்கின்றனர். தகுதிக்கும் உயிர்பிழைத்தலுக்கும் தொடர்பில்லை என்பதே கதையின் கசப்பான செய்தி. எனினும் இக்கதையில் பலர் கவனியாது கடக்கும் ஒரு பகுதி உண்டு. கரையில் நிற்போர் படகைக் காண்கின்றனர். ஆனால் அதிலிருப்போரின் துயரத்தை உணராமல், விளையாட்டாகக் கையசைத்து மகிழ்கின்றனர். கடலின் பாராமுகத்தோடு கரையின் பாராமுகத்தையும் கிரேன் காட்டியுள்ளார்.

லண்டனின் ‘நெருப்பு மூட்டுதல்’ இருமுறை எழுதப்பெற்ற கதையாகும். 1902இல் வெளிவந்த வடிவத்தில் நாயகன் பிழைக்கிறான்; 1908ஆம் ஆண்டு வடிவத்தில் பெயரற்ற மனிதன் யூக்கோன் பனிவெளியில் உறைந்து இறக்கிறான். பாரன்ஹீட் அளவையில் சுழியத்திற்குக் கீழ் 75 பாகைக் குளிர். அத்தகைய நாளில் தனியே செல்லலாகாது என்று அனுபவசாலியான முதியவர் முன்பே எச்சரித்திருக்கிறார். அவன் அதனைப் பொருட்படுத்தவில்லை. மரத்தடியில் நெருப்பு மூட்டி, அம்மரத்தினடியில் கிடந்த சுள்ளிகளையே ஒவ்வொன்றாக இழுத்து நெருப்பிலிடுகிறான். அந்த அசைவினால் கிளையிற் படிந்திருந்த பனி சரிந்து நெருப்பை அணைக்கின்றது.

பனிவெளிக்குச் செல்வதா வேண்டாவா என்பது அம்மனிதனின் விருப்பத்திற்கு உட்பட்டது. எச்சரிக்கையைக் கேட்பதும் புறக்கணிப்பதும் அவன் கையில் இருந்தன. தோட்டப்புற வாழ்வை இக்கதையோடு ஒப்பிடும்போது முதலில் தடையாக நிற்பது இவ்வேறுபாடே. ஒப்பந்தக் கூலிமுறையிலும் (மலாயாவில் 1910இல் புதிய ஒப்பந்தங்கள் நிறுத்தப்பட்டன), 1938இல் இந்திய அரசு தடைவிதிக்கும்வரை தொடர்ந்த கங்காணி முறையிலும் வந்தவர்கள் தாங்கள் நிற்கப்போகும் நிலத்தைத் தாங்களே தேர்ந்தவர்கள் அல்லர்.

வெயில் படிந்த ஓடை

நெகிரி செம்பிலானின் உட்பகுதி தித்திவங்சா மலைத்தொடரின் தென்கோடியைச் சார்ந்தது. ஜெலெபு, கோலப் பிலா வட்டாரங்களில் குன்றுகளும் தெளிந்த ஓடைகளும் மிகுதி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தகைய குன்றுநிலங்களில் காடழித்து ரப்பர் நடப்பட்டபோது காய்ச்சல் பரவியது. இதன் காரணத்தை விளக்கியவர் மலாயாவில் பணியாற்றிய மருத்துவர் மல்கம் வாட்சன். 1901 முதல் கிள்ளான் பகுதியில் மலேரியா ஒழிப்பில் ஈடுபட்ட இவர், தம் ஆய்வுகளை 1911இல் நூலாக வெளியிட்டார். தாழ்நிலத்தில் காட்டை அகற்றி நீரை வடித்தபோது நோய் குறைந்தது. குன்றுநிலத்திலோ காட்டை அகற்றியபின் நோய் பெருகியது. அங்கு நோயைப் பரப்பிய அனோபிலிஸ் மாக்குலாத்தஸ் என்னும் கொசுவினம் வெயில்படும் தெளிந்த ஓடைநீரில் முட்டையிடுவது. அடர்காட்டின் நிழலில் அதற்கு இடமில்லை. கோடரி வழிவிட்டது, கதிரவன் ஓடையைத் தொட்டான், கொசு பெருகிற்று.

நிலத்தடி வடிகால் அமைத்தும் ஓடைகளில் எண்ணெய் தெளித்தும் இதனைக் கட்டுப்படுத்த இயலும் என்பதும் அக்காலத்திலேயே அறியப்பட்டது. ஆகவே, வடிகாலுக்குப் பணம் ஒதுக்கிய தோட்டமும் ஒதுக்காத தோட்டமும் ஒரே இயற்கையின்கீழ் இருந்தன எனக் கூறுவது பொருந்தாது.

மழையும் இதற்கு மற்றொரு சான்று. தமிழிலக்கியத்தில் மழை வாழ்வின் முதல். வள்ளுவர் கடவுள் வாழ்த்துக்கு அடுத்து வான்சிறப்பை வைத்தார். ரப்பர்த் தோட்டத்திலோ விடியற்காலை மழை என்றால் வெட்டுப்பட்டை நனையும், பால்வெட்டு நின்றுபோகும். அன்றாடக் கூலி பெறுவோருக்கு வெட்டில்லாத நாள் கூலியில்லாத நாள். பிரட்டுக் களத்தில் நின்று வானத்தைப் பார்க்கும் தொழிலாளி அஞ்சுவது மழைக்கு அன்று. மழையைப் பசியாக மாற்றிய கூலிமுறைக்கு. மாதச் சம்பளக் கோரிக்கை தோட்டத் தொழிலாளரிடையே நெடுங்காலம் ஒலித்தமைக்கு இதுவும் ஒரு காரணமாகும்.

கேணியும் காடும்

இவ்வுண்மையைத் தமிழ்ச் சிறுகதை முன்னரே உணர்ந்திருந்தது. புதுமைப்பித்தனின் ‘துன்பக் கேணி’ 1935இல் மணிக்கொடியில் வெளிவந்தது. ஊரில் வாழ வழியற்ற மருதி இலங்கைத் தேயிலைத் தோட்டத்திற்குச் சென்று நோய்க்கும் இழிவுக்கும் ஆளாகும் கதை அது. மலைக்குளிரும் நோயும் கதையில் உண்டு. ஆயினும் ஆசிரியர் அவற்றை முதற்காரணமாக நிறுத்தவில்லை. ஊரின் நிலவுடைமை மருதியைத் துரத்துகின்றது. ஆள்சேர்ப்பு அவளைக் கொண்டுசெல்கின்றது. தோட்ட அதிகாரம் அவளைச் சிதைக்கின்றது. தலைப்பும் கருதத்தக்கது. கடல் தானே அமைந்தது. கேணி மனிதர் தோண்டுவது. கிரேனின் கடலுக்கும் புதுமைப்பித்தனின் கேணிக்கும் உள்ள இடைவெளியே இங்குப் பேசப்படும் இடைவெளியாகும்.

சிறுகதைக்கு அப்பால், ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ (1993), அ. ரெங்கசாமியின் ‘நினைவுச்சின்னம்’ (2005) ஆகிய நாவல்களும் இவ்வகையில் எண்ணத்தக்கவை. ஜப்பானியர் ஆட்சியில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர், 1943ஆம் ஆண்டின் மழைக்காலத்தில் சயாம் காடுகளில் வாந்திபேதிக்கும் பட்டினிக்கும் இரையாயினர். அதே காட்டில், அதே மழையில் நேசநாட்டுப் போர்க்கைதிகளும் இருந்தனர். அவர்களுள் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் இறந்தனர். தமக்கென மருத்துவரோ அமைப்போ இல்லாத ஆசியத் தொழிலாளரிடையே இறப்பு விகிதம் அதனினும் மிகுதி என்பது வரலாற்றாசிரியர் கருத்து. காடு ஆள் பார்த்துக் கொல்வதில்லை; வேறுபாடு மனிதரின் ஏற்பாட்டில் இருந்தது.

திரிந்த திணை

பழந்தமிழ்க் கவிதையில் இயற்கை பெறும் இடத்தை 1953இல் ஆங்கில நூலாக வெளியிட்ட தனிநாயகம் அடிகள், பின்னர் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையின் தலைவராக விளங்கினார். நிலமும் மனித உணர்வும் பிரிக்கவியலாதவை என்னும் அம்மரபில், பாலைக்குத் தனி நிலம் இல்லை. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்தபோது பாலையாகும் என்பதை இளங்கோவடிகள் காடுகாண் காதையில் உணர்த்துகிறார். அங்குத் திரிபுக்குக் காரணம் வெங்கதிர். தோட்டத்தில் அக்கதிரை ஓடைவரை இறக்கியது கோடரி. நிழலடர்ந்த குறிஞ்சி, மரங்கள் நிரை நிரையாக நிற்கப் பசுமை மாறாமலேயே பாலையாயிற்று எனலாம்.

இயற்பண்புவாதத்தின் பயனை முற்றாக மறுப்பதற்கில்லை. ஊழ், முற்பிறவி என்னும் விடைகளிலிருந்து வாசகனை அது விடுவிக்கின்றது. பாம்பும் இடியும் யாராலும் ஏவப்பட்டவை அல்ல. ஆனால் ‘விதி’ இருந்த இடத்தில் ‘இயற்கை’ என்னும் சொல்லை வைத்துவிட்டு அமைதியடைவது, பழைய விடைக்குப் புதிய சட்டை அணிவிப்பதாகவே முடியும்.

முடிவுரை

இது பழங்கதை அன்று. 1998–1999இல் பேராக்கிலிருந்து நெகிரி செம்பிலானின் புக்கிட் பெலாண்டோக் வட்டாரத்திற்குப் பரவிய நோய், தொடக்கத்தில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே கருதப்பட்டது. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் அது புதிய நச்சுயிரி எனக் கண்டறியப்பட்டு, சுங்கை நிப்பா கிராமத்தின் பெயரைப் பெற்றது. மலேசியாவில் 265 பேர் நோயுற்றனர். 105 பேர் மாண்டனர். பழந்தின்னி வௌவாலிடம் இருந்த கிருமி பன்றிக்கும் பின் மனிதருக்கும் தாவ, பழமரங்களும் பன்றிப் பண்ணைகளும் அருகருகே அமைந்திருந்தமை வழிவகுத்தது என ஆய்வாளர் விளக்கினர். இங்கும் இயற்கை தனித்துச் செயற்படவில்லை.

எனவே தோட்டப்புறக் கதையொன்றில் காய்ச்சலோ மழையோ காடோ மனிதனை வீழ்த்தும்போது, அவன் எவ்வாறு போராடினான் என்று கேட்பதோடு ஆய்வாளர் நின்றுவிடலாகாது. இந்நிலம் இவ்வாறு ஆனது எவ்வாறு, இவன் இங்கு நிறுத்தப்பட்டது யாரால், தடுக்கும் வழி தெரிந்திருந்தவர் யார் என்னும் வினாக்களும் எழுப்பப்பட வேண்டும். அவ்வாறு கேட்கும்போதுதான் அத்தொழிலாளியின் உறுதி வெறும் பொறுமையாகச் சுருங்காது. இறந்தவரின் சாவும் எவரும் பொறுப்பேற்க வேண்டாத சாவாகிவிடாது.