புள்ளி போகாத சட்டை

பொங்கலுக்கு ஒரு வாரம் முன்னால் அக்கா மகன் பன்னிரண்டு காட்டன் டி-ஷர்ட்களைக் கொண்டுவந்து கட்டிலில் கொட்டினான். திருப்பூர் சரக்கு, ரவுண்ட் நெக், கருநீலம். "மாமா, முதுகுல பேரும் நம்பரும் வேணும். கபடி டீமுக்கு. உங்ககிட்டதான் மெஷின் இருக்கே!"

ஸ்டிக்கர் வெட்டும் மெஷின் இருந்தது உண்மைதான். அதுவரை அதில் நான் வெட்டியதெல்லாம் சமையலறை டப்பாக்களுக்கு 'சீரகம்', 'வெந்தயம்' என்று ஸ்டிக்கர். துணியில் ஒட்டும் வினைலைத் தொட்டதுகூட இல்லை. அந்த வாரம் பிடித்த பைத்தியம் இன்னும் தெளியவில்லை. இப்போது எங்கள் வீட்டில் எழுத்து இல்லாத துணி என்று பார்த்தால் மாமனாரின் வேட்டி ஒன்றுதான் மிச்சம், அதையும் அவர் பூட்டி வைத்திருக்கிறார்.

இந்த வினைல் ரோலை ஒருமுறை கையில் எடுத்துப் பாருங்கள். நடுவில் வண்ணப் படலம், சாதாரணப் பாலியூரித்தேன் ரகத்தில் 90 மைக்ரான் அளவுதான் இருக்கும். அதன் ஒரு பக்கம் சூட்டில் இளகும் பசை. மறுபக்கம் பளபளவென்று ஒரு கண்ணாடித்தாள். கத்தி பசைப் பக்கத்திலிருந்து இறங்கி, பசையையும் வண்ணத்தையும் மட்டும் வெட்டிவிட்டுக் கண்ணாடித்தாளைத் தொடாமல் திரும்ப வேண்டும். தாளும் சேர்ந்து அறுந்தால் எழுத்தைத் தாங்க ஆள் இல்லை. அதனால் ஒவ்வொரு ரோலுக்கும் மூலையில் ஒரு சின்னச் சதுரம் வெட்டிப் பார்த்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவேன்.

பின்பக்கமிருந்து வெட்டுவதால் எழுத்தை இடம் வலமாகத் திருப்பி அனுப்ப வேண்டும். டப்பா ஸ்டிக்கரில் இந்தத் தொல்லையே கிடையாது. பழக்க தோஷத்தில் முதல் பெயரை நேராகவே வெட்டி, சட்டையில் வைத்து அழுத்தி, ஆசையாக உரித்துப் பார்த்தேன். முகம் பார்க்கும் கண்ணாடியில்தான் படிக்க முடிந்தது. அந்தச் சட்டையை இப்போது நான் தூங்கும்போது போட்டுக்கொள்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வெட்டி முடிந்ததும் வேண்டாத படலத்தையெல்லாம் கொக்கி ஊசியால் பிடித்து உரித்தெடுக்க வேண்டும். ஆங்கிலத்தில் இதற்கு வீடிங் என்று பெயர். அட, நம் களையெடுப்புதான்! நாற்றை விட்டுவிட்டுக் களையை மட்டும் பிடுங்குகிற அதே குனிவு, அதே பொறுமை. தமிழில் இதைச் செய்யும்போது தனி ருசி இருக்கிறது. காரணம், புள்ளி. 'கார்த்திக்' என்று எழுதுங்கள். ர், த், க் என்று மூன்று புள்ளிகள் மூன்று குட்டித் தீவுகளாக நிற்கும். பெரிய படலத்தை இழுக்கிற வேகத்தில் ஒரு புள்ளி நழுவிக் கூடவே போய்விடும். ஒருநாள் தொலைந்த புள்ளியை அரை மணி நேரம் தேடினேன். மனைவிதான் என் முழங்கையில் ஒட்டியிருந்ததைக் காட்டினாள்.

வழியும் கண்டுபிடித்தேன். புள்ளியைக் கணினியிலேயே கொஞ்சம் பெரிதாக்கிவிடுவேன். எழுத்தைச் சூட்டோடு துணியில் அழுத்தும் ஹீட் பிரஸ்ஸின் இளஞ்சூடான தட்டில் தாளை வைத்துக்கொண்டு உரித்தால் படலம் வெண்ணெய் மாதிரி வரும். இன்னொன்று, சில எழுத்துருக்களில் 'தி'யின் மேல்விலங்கு 'த'வின் மேல் ஏறி நிற்கும். இரண்டையும் கணினியில் ஒரே வடிவமாக இணைக்காமல் (வெல்ட் செய்யாமல்) மெஷினுக்கு அனுப்பினால் எழுத்தின் வயிற்றுக்குள்ளேயே வெட்டு விழும்.

பிறகு பிரஸ். சட்டையை நீளவாக்கில் மடித்து ஒரு அழுத்து அழுத்தினால் நடுக்கோடு கிடைத்துவிடும். வெறும் சட்டையை ஐந்து விநாடி அழுத்தினால் ஈரமும் சுருக்கமும் போகும். என் ரோலுக்கு 150 டிகிரி செல்சியஸ், 15 விநாடி. இஸ்திரிப் பெட்டியில் முடியாதா என்று கேட்பார்கள். முடியும், சின்ன எழுத்துக்கு. ஆனால் அழுத்தம் எல்லா இடத்திலும் சமமாக விழாது, ஒரு மூலை எப்போதும் முரண்டு பிடிக்கும்.

மூடியைத் தூக்கி, கண்ணாடித்தாளின் ஓரத்தைப் பிடித்து மெல்லச் சாய்த்து இழுக்கிற அந்தக் கணத்துக்காகத்தான் இவ்வளவும்! 'ர்' வந்தது, புள்ளி இருக்கிறது. 'த்' வந்தது, புள்ளி இருக்கிறது. கடைசிக் 'க்'கின் புள்ளியும் துணியிலேயே உட்கார்ந்துவிட்டால் எழுந்து ஒரு ஆட்டம் போடத் தோன்றும். போட்டுமிருக்கிறேன். நன்றாகப் பிடித்திருந்தால் துணியின் இழை படலத்தின் மேலேயே மெலிதாகத் தெரியும், விரலால் தடவினாலே புரியும். மேலே டெஃப்ளான் ஷீட் போட்டு இன்னொரு ஐந்து விநாடி அழுத்தினால் வேலை முடிந்தது.

அடுத்த வருஷம் பையன்கள் சிவப்பு பாலியெஸ்டர் ஜெர்சி கொண்டுவந்தார்கள். அதே சூட்டில் வெள்ளை எண்களை ஒட்டினேன். இரண்டு நாளில் எண்கள் ரோஸ் நிறமாகிவிட்டன. பாலியெஸ்டரின் சாயம் சூட்டில் ஆவியாகி வினைலுக்குள் ஏறிவிடுமாம். அதற்கென்றே குறைந்த சூட்டில் பிடிக்கிற ரகமும், சாயத்தைத் தடுக்கிற ரகமும் இருக்கின்றன. அப்புறம்தான் வாங்கினேன்.

நூறு சட்டைக்கு ஒரே படம் என்றால் ஸ்கிரீன் பிரிண்டிங்குக்கே போங்கள். போட்டோ மாதிரி பல வண்ணம் வேண்டுமென்றால் டிடிஎஃப், அதாவது படலத்தில் அச்சடித்துத் துணிக்கு மாற்றும் முறை. ஆனால் பன்னிரண்டு சட்டைக்குப் பன்னிரண்டு பெயர், பன்னிரண்டு எண் என்றால் வினைலை அடிக்க ஆள் இல்லை என்று அடித்துச் சொல்வேன்.

ஒட்டியபின் ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் படக்கூடாது. துவைக்கும்போது உள்பக்கத்தை வெளியே திருப்பிப் போடுங்கள். முதல் முயற்சிக்கு வீட்டிலிருக்கும் பழைய காட்டன் சட்டை போதும். எழுதுவதற்கு 'பாலா' மாதிரிப் புள்ளியே இல்லாத பெயராகப் பாருங்கள். கார்த்திக்குகள் இரண்டு நாள் பொறுத்துக்கொள்ளட்டும்.